ஏற்காட்டு பங்களாவின் ஆளுயரக் கடிகாரத்தைத் திரும்பச் செய்வது எப்படி?

உங்கள் கேள்வி இதுதான். தாத்தா ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் கணக்கெழுதினார். அங்கே கூடத்தில் நின்ற ஆளுயரக் கடிகாரத்துக்கு ஞாயிறுதோறும் சாவி கொடுத்தது அவர்தான். கடிகாரம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அதைப் பார்த்து அதே மாதிரி ஒன்றைச் செய்து, அடுத்த வைகாசியில் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குச் சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் நிறுத்த வேண்டும். எந்த மரம், எந்த மெஷின், எங்கிருந்து தொடங்குவது?

செய்யலாம். நான் இரண்டு செய்திருக்கிறேன், பழையவை சிலவற்றைப் பழுது பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலில் சொல்கிறேன். உருவத்தை இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெண்டுலத்தின் நீளமும் மரமும் சேலத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். படத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், நேரம் காட்டாது.

ஏன் என்று புரிய, இந்தக் கடிகாரம் ஏன் இவ்வளவு உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656-ல் பெண்டுலத்தைக் கடிகாரத்தில் கட்டினார். அப்போதிருந்த அமைப்பில் பெண்டுலம் மிக அகலமாக ஆட வேண்டியிருந்தது, அதனால் குட்டையான பெண்டுலம்தான் வைக்க முடிந்தது. 1670 வாக்கில் இங்கிலாந்தில், பெண்டுலம் ஆட ஆடப் பல்சக்கரத்தைப் பல் பல்லாகப் பிடித்து விடும், நங்கூரம் போன்ற வடிவமுள்ள ஆங்கர் வந்தது. அதன்பின் நடுவிலிருந்து இருபுறமும் இரண்டு மூன்று டிகிரி ஆடினாலே போதும் என்றாயிற்று. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் போக சரியாக ஒரு விநாடி எடுக்கும் பெண்டுலத்தை ஓர் ஒடுக்கமான பெட்டிக்குள் தொங்கவிட முடிந்தது. பெண்டுலத்துக்கும், கடிகாரத்தை ஓட்டும் எடைக்குண்டுகள் இறங்குவதற்கும் இடம் விட்டு, மேலே மெஷினுக்கு ஒரு கூடு, கீழே நிற்க ஒரு அடிப்பெட்டி. அழகுக்காக வந்த உயரம் இல்லை அது.

அந்த ஒரு விநாடிப் பெண்டுலத்தின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் 99.4 செ.மீ. நம் சேலத்தில் 99.1 செ.மீ. வித்தியாசம் 3 மி.மீ.தான், ஆனால் அந்த 3 மி.மீ. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல். பூமத்திய ரேகைப் பக்கம் வர வர ஈர்ப்பு கொஞ்சம் குறைகிறது, பெண்டுலம் மெதுவாக ஆடுகிறது. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரிசெய்த கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அது அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி முழு உருண்டையாக இல்லாமல் நடுவில் பருத்திருக்கிறது என்பதற்கு நியூட்டனுக்குக் கிடைத்த சான்றுகளில் அதுவும் ஒன்று. உங்கள் தாத்தா சாவி கொடுத்த கடிகாரம் கப்பலில் வந்ததாக இருந்தால், அதன் பெண்டுலக் குண்டையும் யாரோ ஒருவர் மூன்று மி.மீ. மேலே ஏற்றியிருப்பார்.

ஏற்காடு சேலத்தைவிட சுமார் 1,200 மீட்டர் உயரம். சேலத்தில் சரிசெய்த கடிகாரத்தை மேலே கொண்டுபோனால் உயரத்தால் மட்டும் நாளுக்குப் பத்திலிருந்து பதினைந்து விநாடி பின்தங்கும். குளிரில் பெண்டுலக் கம்பி சுருங்குவதால் அதில் மூன்று நான்கு விநாடி திரும்பக் கிடைக்கும். ஆகவே கடைசித் திருத்தத்தைக் கடிகாரம் நிற்கப்போகும் இடத்தில்தான் செய்ய வேண்டும், பட்டறையில் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். மரம் வாங்க ஓடாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அது, முதல் கடிகாரத்தில் நானும் செய்தேன். பெட்டியை முடித்துவிட்டு மெஷின் தேடினேன். கிடைத்த மெஷினின் டயல் கதவுச் சட்டத்தைவிட முக்கால் அங்குலம் பெரிது, மேல் கூட்டை முழுக்கப் பிரித்துச் செய்ய வேண்டியதாயிற்று. மெஷின், டயல், கூடு, உடல், அடிப்பெட்டி என்ற வரிசையில்தான் அளவு பிறக்கிறது. மெஷினும் டயலும் கையில் வந்து மேஜைமேல் உட்காரும்வரை ஒரு பலகையைக்கூட அறுக்காதீர்கள்.

மெஷினுக்கு இரண்டு வழி. ஒன்று, இன்றும் ஜெர்மனியில் ஹெர்ம்லே போன்ற நிறுவனங்கள் செய்யும், ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் மெஷின். புதியது, நம்பகமானது. ஆனால் அதன் பெண்டுலம் மாடலுக்கு மாடல் மாறும், பலவற்றில் ஒரு விநாடிக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கு இருக்காது. விவரத்தாளைப் பார்த்து அந்த நீளத்துக்குப் பெட்டி செய்ய வேண்டும். மற்றொன்று, பெட்டியை இழந்து தனியாக விற்பனைக்கு வரும் பழைய ஆங்கில மெஷின். பிரிட்டனில் ஏலங்களில் இவை டயலோடு சேர்ந்தே வருகின்றன. உங்களுக்கு இதைத்தான் சொல்வேன். காரணம் படத்தில் இருக்கிறது. டயலில் பன்னிரண்டுக்குக் கீழே ஒரு சிறு விநாடி முள் தெரிகிறது. அது பழைய விநாடிப் பெண்டுல மெஷினின் அடையாளம்.

அந்த மெஷினின் கணக்கு அவ்வளவு நேர்த்தியானது. எடைக்குண்டு தொங்கும் உருளையின் சக்கரத்துக்கு 96 பல், அது சுற்றும் சிறு பல்சக்கரத்துக்கு 8. ஆக, உருளை ஒரு சுற்றுச் சுற்ற 12 மணி நேரம், நிமிட முள் சக்கரம் சுற்ற 1 மணி நேரம். அடுத்து 60-க்கு 8, 56-க்கு 7. இரண்டையும் பெருக்கினால் சரியாக 60. அதனால் கடைசியில் உள்ள, ஆங்கர் பிடித்து விடும் 30 பல் சக்கரமான எஸ்கேப் வீல் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது, விநாடி முள் நேராக அதன் தண்டிலேயே உட்காருகிறது. வாங்குமுன் எஸ்கேப் வீல் பல்லை எண்ணிப் பாருங்கள். 30 இருந்தால் பெண்டுலம் 99.1 செ.மீ. என்று தைரியமாக வரையலாம்.

பழைய மெஷின் வாங்கும்போது இரண்டு இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளைத் தகட்டில் தண்டுகள் நுழையும் துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் புஷ், அதாவது புதுப் பித்தளை வளையம், அடிக்க வேண்டும், அது நல்ல லேத் பட்டறையில் முடியும். ஆங்கரின் இரு முனைகளிலும் பள்ளம் விழுந்திருந்தால் அந்த வேலையைக் கடிகாரம் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அந்த முகத்தின் கோணம் மாறினால் கடிகாரம் ஓடாது.

இப்போது படத்திலிருந்து அளவு எடுப்பது. இந்த மாதிரி வளைவுத் தலை டயல்களில் அகலம் பெரும்பாலும் 12 அங்குலம். படத்தில் டயலை அளந்து அதையே அளவுகோலாக வைத்து மற்றவற்றைக் கணக்கிடுங்கள். ஆனால் படம் எடுத்தவர் கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்திருந்தால் கீழே போகப் போக அளவு குறுகிக் காட்டும், அடிப்பெட்டி உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். அதை நம்பி அடியைக் குறைத்துவிடாதீர்கள். நான் கையாளும் விகிதம்: மொத்த உயரம் ஏழு அடி, உடல் வெளி அகலம் 13 அங்குலம், ஆழம் ஏழு, கூடு 18-லிருந்து 19, அடிப்பெட்டி பதினேழரை. பெண்டுலக் குண்டு நாலேகால் அங்குல விட்டம் என்று வைத்து, மூன்று டிகிரி ஆடினால், நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் பதினொரு செ.மீ. வேண்டும். 13 அங்குல உடலில் உள்ளே பக்கத்துக்குச் சுமார் பதினைந்து செ.மீ. இருக்கும். இடம் தாராளம்.

அதன்பின் ஒரு பிளைவுட் தாளில் முழு அளவில் வரைந்துவிடுங்கள். உயரங்களை எல்லாம் ஓர் ஏழடி ரீப்பரில் குறித்துக்கொண்டு ஆசாரியிடம் கொடுத்தால் டேப்பே தேவைப்படாது. பழைய தச்சர்கள் தேர் வேலைக்கே அப்படித்தான் கோல் குறிப்பார்கள்.

மரம். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கடிகாரங்கள் பெரும்பாலும் ஓக் மரத்தில் செய்யப்பட்டவை. நல்ல ஓக் பலகையில் வெள்ளிக் கீற்று போல ஒரு மினுக்கம் குறுக்கே ஓடும். அந்த அழகு நம் மலையிலேயே கிடைக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னால் காப்பிக்கு நிழலாக எஸ்டேட்டுகள் முழுக்க ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக்கை நட்டார்கள், மிளகுக்கொடி ஏறவும் அதுவே கொம்பு. பெயரில் ஓக் இருந்தாலும் அது வேறு இனம். ஆனால் சரியாக அறுத்தால் அந்தக் கீற்று ஓக்கைவிட நெருக்கமாக, லேஸ் துணி போல வரும். இங்கே அதைப் பெட்டி அடிக்கவும் பிளைவுட்டுக்கும் அனுப்புகிறோம். உங்கள் தாத்தா தினமும் நடந்த நிழல் அந்த மரத்தின் நிழல். அந்தப் பங்களாவின் கடிகாரத்தை அந்த மரத்தில் செய்வதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

சரியாக அறுப்பது என்றால், சாமில்லில் வழக்கம் போல ஒரே திசையில் பலகை பலகையாகச் சீவிக்கொண்டே போகக் கூடாது. கட்டையை முதலில் நான்காகப் பிளந்து, ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்க வேண்டும். சேதாரம் அதிகம் என்று மில்காரர் முகம் சுளிப்பார். சேதாரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுங்கள். இந்த அறுப்பில் கீற்று தெரிவதோடு, பலகை வளைவதும் பாதியாகக் குறையும். கழிவெல்லாம் போக நான்கு கன அடி வாங்கினால் ஒரு கடிகாரத்துக்குப் போதும். மலையில் மரம் வெட்டவும் கீழே இறக்கவும் அனுமதி நடைமுறை இருக்கிறது, ஆகவே ரசீது கொடுக்கும் டிப்போவில் வாங்குங்கள்.

சில்வர் ஓக்கில் மூன்று எச்சரிக்கை. அதன் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பைக் கொடுக்கும், முழுக்கைச் சட்டையும் முகமூடியும் கட்டாயம். வெள்ளைப் பகுதியைப் பூச்சி விரும்பித் தின்னும். வைரப் பகுதியை மட்டும் எடுத்து, இழைத்த பிறகு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை இரண்டு முறை தடவிக் காயவிடுங்கள். மூன்றாவது, காயவைப்பது. ஏற்காட்டுப் பனியில் காய்ந்த மரத்தை அப்படியே கீழே கொண்டுவந்து செய்தால், சேலத்துச் சித்திரை வெயிலில் மூட்டெல்லாம் வாய் திறக்கும். கடிகாரம் நிற்கப்போகும் வீட்டிலேயே, இடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கி, முக்கால் அங்குலப் பலகையை எட்டு ஒன்பது மாதமாவது விடுங்கள். வைகாசிக்குள் அதற்கு நேரம் இல்லை என்றால், பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்குச் சட்டங்களை வாங்குங்கள். ஐம்பது வருடம் காய்ந்த மரம் அது. கீற்று இருக்காது, ஆனால் வெடிக்காது. ஈட்டி மரம் (ரோஸ்வுட்) வேண்டாம். நம் மலைகளில் அது அருகிப்போய், அதைக் காக்கவென்றே 1994-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய மேஜைக்கால் ஏதாவது இருந்தால் அதிலிருந்து மெல்லிய பட்டி வெட்டிக் கதவு ஓரத்தில் பதித்தால் போதும்.

மூட்டுகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உடலுக்கும் கூட்டுக்கும் நடுவில் வரும் அகலமான வளைவு மோல்டிங்கைப் பக்கப் பலகையில் முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டாதீர்கள். பக்கப் பலகையின் நார் மேல்கீழ், மோல்டிங்கின் நார் குறுக்கே. மழைக்காலத்தில் பலகை அகலத்தில் விரியும், மோல்டிங் நீளத்தில் விரியாது. ஒன்று மற்றொன்றைப் பிளக்கும். முன்மூலையில் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் பசை, மீதிக்கு உட்புறமிருந்து நீளத் துளையில் திருகு. பழைய கடிகாரங்களில் பக்கப் பலகை விரிசல் கண்டிருப்பதற்கு இதுதான் முக்கிய காரணம்.

பக்கப் பலகைகள் இரண்டும் உடலைத் தாண்டிக் கூட்டுக்குள் மேலே நீண்டு நிற்கும். அவற்றின்மேல் குறுக்கே ஒரு தடித்த பலகை உட்காரும், அதன்மேல் மெஷின். இரண்டு எடைக்குண்டுகளும் சேர்ந்து பதினொரு கிலோ அந்தப் பலகையில்தான் தொங்குகின்றன. இங்கே மட்டும் சில்வர் ஓக் வேண்டாம், தேக்கோ வேங்கையோ போடுங்கள்.

கூட்டின் தலையில் அன்னக்கழுத்து போல வளைந்த இரண்டு செதுக்கல்கள் படத்தில் தெரிகின்றன. அதற்கு வெளியூர் போக வேண்டாம், நம் மாவட்டத்திலேயே தம்மம்பட்டி இருக்கிறது. வாகையில் சாமி சிலைகளும் வாகனங்களும் செதுக்கும் கை அது. முழு அளவு வரைபடத்தையும் உங்கள் மரத்தையும் கொடுத்துவிட்டு, எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். கோயில் வேலைக்குப் பழகியவர்கள் ஆழமாக வெட்டுவார்கள், இங்கே வேண்டியது மேலோட்டமான வெட்டு.

டயல் பழையதாகக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. புதிதாகச் செய்வதானால், பித்தளைத் தகட்டில் எண்களுக்கு ஒரு தனி வளையம், அதற்கு வெள்ளி மெருகு. இந்த வெள்ளி மெருகு மின்சாரம் இல்லாமல், கையால் தேய்த்து ஏற்றுவது. சில்வர் குளோரைடு, சமையல் உப்பு, பேக்கிங்கில் பயன்படும் கிரீம் ஆஃப் டார்ட்டர் மூன்றையும் ஈரத்துணியில் குழைத்து, சுத்தமாகத் தேய்த்த பித்தளையில் வட்டமாகத் தேய்த்தால் கண்முன் வெளுக்கும். கழுவித் துடைத்து உடனே லாக்கர் அடிக்க வேண்டும், இல்லையென்றால் கறுக்கும். வெள்ளியை அமிலத்தில் கரைக்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கெமிக்கல் கடையில் சில்வர் நைட்ரேட் வாங்கி, கையுறை போட்டு, உப்புக் கரைசல் ஊற்றினால் தயிர் திரிந்தது போல வெள்ளையாக அடியில் படியும். அதுதான் சில்வர் குளோரைடு. வெளிச்சம் படாமல் வையுங்கள். எண்களை வெட்ட செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்பவர்களைப் பாருங்கள். கொலுசில் பூ வெட்டும் கைக்கு ரோமன் எண் பெரிய விஷயமில்லை. வெட்டிய பள்ளத்தில் கருப்பு அரக்கை உருக்கி நிரப்பிச் சமமாகத் தேய்த்து, அதன்பிறகுதான் வெள்ளி ஏற்ற வேண்டும். நான்கு என்பதை நான்கு கோடாகவே வெட்டச் சொல்லுங்கள், பழைய டயல்களில் அப்படித்தான் இருக்கும்.

படத்தில் டயலின் வளைவுத் தலையில் நிலா முகம் ஒன்று பாதி தெரிகிறது. அந்தத் தட்டில் இரண்டு நிலா இருக்கும், ஓரத்தில் 118 பல். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பல் நகர்ந்து, 59 நாளில் ஒரு சுற்று, அதாவது இரண்டு சந்திர மாதம். உண்மையில் மாதம் இருபத்தொன்பதரை நாளைவிட முக்கால் மணி நேரம் நீளம், அதனால் வருடத்துக்குச் சுமார் ஒன்பது மணி நேரம் தட்டு முந்தும். இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை பஞ்சாங்கத்தைப் பார்த்து இரண்டு பல் பின்னால் தள்ளிவிட்டால் அமாவாசையும் பௌர்ணமியும் சரியாக நிற்கும். அப்பாவுக்கு இந்த நிலாவைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பேன்.

டயலில் பெயர் எழுதும் இடம் வரும். அங்கே ஒரு பழைய ஆங்கிலேயர் பெயரையும் லண்டன் என்றும் வெட்டச் சொல்லாதீர்கள். இன்னும் நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் அதைப் பழையது என்று நம்பி விற்பார், வாங்குவார். பழைய மெஷின் செய்தவர் பெயர் இருந்தால் அப்படியே விடுங்கள். பெட்டிக் கதவின் உட்புறம் உங்கள் பெயர், ஆசாரியின் பெயர், சேலம், ஆண்டு, இவற்றை மையால் எழுதுங்கள். புது டயல் என்றால் டயலிலேயே சேலம் என்று வெட்டுங்கள்.

எடைக்குண்டு ஒவ்வொன்றும் ஐந்தரை கிலோ. ஈயத்தில் ஆறு செ.மீ. விட்டத்துக்குப் பதினேழு செ.மீ. உயரம் வரும், இரும்பில் இருபத்தைந்து. ஈயம் உருக்குவது புகையும் ஆபத்தும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் தெறித்துவிடும். இரும்பு உருளையைக் கடைந்து பித்தளைக் குழாய்க்குள் செருகுவதே நல்லது. பெண்டுலத்துக்கு நன்கு காய்ந்த நேர்நார்த் தேக்குக் கம்பி ஒன்றை அரக்கு பூசி அடைத்துப் பயன்படுத்துங்கள். மார்கழிக்கும் சித்திரைக்கும் வீட்டுக்குள் பத்து டிகிரி வித்தியாசம் என்றால், பித்தளைக் கம்பி நாளுக்கு எட்டு விநாடி மாறும், எஃகு ஐந்து, மரம் இரண்டு. அடியில் எம் 6 மரையும் நட்டும் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ., அதாவது நாளுக்கு 44 விநாடி. பழகப் பழகக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று கை தானே போகும்.

மெருகுக்கு அரக்குப் பாலிஷ், அதன்மேல் தேன்மெழுகு. ஈரக்காற்றில் அடித்தால் அரக்கு வெளுத்துப் பூசணம் பூத்தது போல ஆகும். ஐப்பசியில் தொடாதீர்கள், தை மாசியில் அடியுங்கள்.

கடைசியாக நிறுத்துவது. என் முதல் கடிகாரம் ஞாயிறு காலை சாவி கொடுத்தால் வியாழன் இரவு நின்றுவிடும். மறுபடி ஆட்டிவிட்டால் வெள்ளி மதியத்துக்குமேல் ஒழுங்காக ஓடும். மெஷினை மூன்று முறை கழற்றிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் ஒரு வியாழன் இரவு கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து பார்த்தேன். எடைக்குண்டு நாளுக்குப் பதினாறு செ.மீ. இறங்குகிறது. ஐந்தாம் நாள் அது பெண்டுலத்தின் உயரத்துக்கு வந்ததும், பெட்டி கண்ணுக்குத் தெரியாமல் அசைய, தொங்கும் குண்டும் பெண்டுலத்தோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது. பெண்டுலத்தின் ஆட்டத்தைக் குண்டு திருடிக்கொண்டது. சுவரில் இரண்டு துளை போட்டு, பின்பலகையைத் திருகினேன். அன்றிலிருந்து நிற்கவில்லை. அதனால் பின்பலகையை முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் போடுங்கள், மெஷின் உயரத்தில் சுவரோடு திருகி இறுக்குங்கள். கால்களுக்குக் கீழே நான்கு கடப்பாக்கல் துண்டுகள் வைத்தால் தரை கழுவும் தண்ணீரும் கரையானும் அண்டாது. ரசமட்டம் பிடித்து நேராக்கிய பிறகு கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். டிக் என்பதற்கும் டாக் என்பதற்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டினால் ஆங்கரின் பின்னால் பெண்டுலத்தைப் பிடித்திருக்கும் கவைக்கம்பியைச் சத்தம் நீண்டு கேட்கும் பக்கமாக மயிரிழை வளைத்துப் பாருங்கள். மோசமானால் மறுபக்கம் வளையுங்கள். சமமான பிறகு மூன்று நாள் எதையும் தொடாமல் விட்டு, நான்காம் நாள்தான் நட்டைத் திருப்பத் தொடங்க வேண்டும்.